அந்தப் பக்கம் ‘நிலம்’ என்றால் வயல்

கோவையிலிருந்தும் தேனியிலிருந்தும் எல்லை தாண்டி கேரள மலையோரக் கிராமங்களில் மண் வாங்குகிறார்கள் தமிழர்கள். தூரம் தடையில்லை, பேச்சும் தடையில்லை. சிக்கல் எல்லாம் பத்திரத்தில்தான்.

சனிக்கிழமை காலை. தடாகம், மாங்கரை தாண்டி ஆனைகட்டி மலைப்பாதையில் கோவைப் பதிவெண் கொண்ட கார்கள் வரிசையாக ஏறுகின்றன. சிலர் பிள்ளைகளோடு குளிர்காற்று வாங்க வந்தவர்கள். சிலர் வேறு காரியமாக வந்தவர்கள். அவர்களுடைய காரின் முன் இருக்கையில் ஒரு புரோக்கர் உட்கார்ந்திருப்பார், அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். கவருக்குள் சர்வே ஸ்கெட்சும் பத்திர நகலும். ஆனைகட்டிக் கடைத்தெருவுக்கு அப்பால் கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடை. பாலத்தைத் தாண்டினால் கேரளம். பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி.

ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண், ஒரே மழை. டீக்கடையில் தமிழிலேயே பேசலாம். கோவை முப்பது கிலோமீட்டர் தூரம்தான். நகரத்தில் ஒரு மனைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே தென்னையும் கிணறும் சேர்ந்து ஏக்கர் கணக்கில் கிடைக்கும் என்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறிய வீடு, நாலு மாடு, வார இறுதியில் வந்து போகப் பேரப்பிள்ளைகள். இந்தக் கனவுக்குத்தான் வாழ்நாள் சேமிப்பு பாலம் தாண்டுகிறது.

பாலத்துக்கு அப்பால் பத்திரத்தின் மொழி மாறிவிடுகிறது. கேரள வருவாய்த் துறைப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் மண் என்று பொருள்படாது. அது நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டு மண்ணுக்கு அங்கே பெயர் ‘புரயிடம்’. ‘ஆதாரம்’ என்பது கிரயப் பத்திரம். ‘கரம்’ என்றால் வரி. ‘அவகாசம்’ என்றால் நேரமில்லை, உரிமை. ‘பாட்டம்’ என்பது குத்தகை. எல்லாம் தமிழன் காதுக்குப் பழகிய சொற்கள், எல்லாவற்றுக்கும் வேறு பொருள். புரிந்துவிட்டது என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார்.

கோடு போட்ட கதை

பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதே நாளில்தான் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் புதிய கேரளத்தோடு நின்றுவிட்டன. தமிழர்கள் நிறைந்த அந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நடந்த போராட்டம் பலிக்கவில்லை. 1972-ல் அவை இடுக்கி மாவட்டத்தின் பகுதியாயின. கோடு போட்டாயிற்று, ஆனால் போக்குவரத்து நிற்கவில்லை. கோவைக் கவுண்டர்கள் அட்டப்பாடியிலும், பொள்ளாச்சிக்காரர்கள் சித்தூரிலும், போடி, கம்பம் ஊர்க்காரர்கள் ஏலமலையிலும் அதற்கு முன்பே மண் வைத்திருந்தார்கள். பிறகும் வாங்கினார்கள்.

சட்டப்படி இதில் தவறு ஏதும் இல்லை. இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் போய் வசிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. வெளிமாநிலத்தார் விவசாய மண் வாங்கக் கூடாது என்ற சட்டமும் கேரளத்தில் கிடையாது. ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்குத்தான் வரம்பு. 1970 ஜனவரி 1 முதல் அமலான உச்சவரம்பின்படி, ஐந்து பேர் வரை உள்ள ஒரு குடும்பம் 15 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேயிலை, காப்பி, ஏலம், ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. என்.ஆர்.ஐ.க்கள் விவசாய மண்ணையோ, தோட்டத்தையோ, பண்ணை வீட்டையோ ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் விலைக்கு வாங்க முடியாது. இது இந்தியா முழுமைக்கும் பொருந்தும்.

வெளிநாடுகளோடு ஒப்பிட்டால் நம் நிலை பரவாயில்லை. இந்தோனேசியாவில் 1960-ல் வந்த அடிப்படை நிலச் சட்டப்படி முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்குக் கிடைப்பது குறிப்பிட்ட கால உபயோக உரிமை. அது போதாதென்று பாலித் தீவின் கிராமங்களில் உள்ளூர்க்காரர் பெயரில் மண் வாங்கி வீடு கட்டுகிற வெள்ளைக்காரர்கள் உண்டு. பெயருக்குரியவர் கை விரித்தால் கோர்ட்டில் அவர்களுக்குச் சொல்ல ஏதும் இருக்காது. கோவைக்காரருக்கு அந்த நிலை இல்லை. அவர் பெயரிலேயே பத்திரம் பதிவாகிறது. அதனாலேயே அவர் கூடுதல் அசட்டையாக இருந்துவிடுகிறார். பத்திரம் பதிவாவது ஒன்று, அந்த மண்ணை விற்க விற்றவருக்கு உரிமை இருந்தது என்பது வேறொன்று. கேரள எல்லையில் பதிவு அலுவலகம் முதலாவதை மட்டும்தான் செய்து தருகிறது.

சித்தூர்: தென்னை உண்டு, தண்ணீர்?

மூன்று வகை எல்லைகளில் சுலபமானது பாலக்காட்டுக் கணவாயின் சமவெளி. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரைப்பதி என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊர்களில் பாதிக்கு மேல் தமிழ்ப் பேச்சு. கோவையில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் உண்டு. தென்னந்தோப்பு வாங்குபவருக்கு ஓர் உபரி வருமானமும் கிடைக்கும். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்கோ கள் போவது பெரும்பாலும் சித்தூர் தோப்புகளிலிருந்துதான். மரத்தைக் கள்ளுக்குக் குத்தகைக்கு விட்டால் தேங்காய் விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி தண்ணீர். சித்தூரின் வாய்க்கால்களில் ஓடுவது பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் இரு மாநில அதிகாரிகளும் மேஜையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது வழக்கம். பொள்ளாச்சியில் சொந்தமும் சித்தூரில் தோப்பும் உள்ளவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பது சுவாரசியமான கேள்வி.

வாய்க்கால் காய்ந்தால் போர்வெல் என்று நினைப்பவர்கள் பிளாச்சிமடைக்கு ஒரு நடை போய் வரலாம். பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த அந்தக் குக்கிராமத்தில் 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டுப்போய்விட்டது என்று ஆதிவாசிப் பெண்ணான மயிலம்மா முன்னின்று நடத்திய போராட்டம் உலகச் செய்தியானது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு திறக்கவே இல்லை. அளவுக்கு மீறி நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்ட வட்டாரமாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் சித்தூரை முன்பு வகைப்படுத்தியிருந்தது. தோப்பு வாங்க வருபவர் பெரும்பாலும் மழைக்காலத்தில் வருகிறார். கிணற்றை ஏப்ரலில் பார்க்க வேண்டும்.

வீடு கட்டுவதில்தான் ‘நிலம்’ என்ற சொல் தன் வேலையைக் காட்டும். 2008 ஆகஸ்ட் 12 முதல் கேரளத்தில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. பஞ்சாயத்துதோறும் வயல்களைப் பட்டியலிட்டு ‘டேட்டா பேங்க்’ தயாரித்திருக்கிறார்கள். அதில் இடம்பெற்ற வயலை மேடாக்க முடியாது. வேறு இடமே இல்லாத உரிமையாளர், கமிட்டி அனுமதியோடு கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை வீட்டுக்காக நிரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோவையில் வீடு வைத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் பண்ணை வீடு கட்ட நினைப்பவருக்கு இந்தச் சலுகை எட்டாது. பட்டியலில் இல்லாமல் பழைய வரிப் பதிவேட்டில் மட்டும் ‘நிலம்’ என்று கிடக்கும் மண்ணுக்கு, 2018 திருத்தத்தின்படி கட்டணம் கட்டி வகை மாற்றலாம். தென்னை மரம் நிற்கிறதே, இது எப்படி வயலாகும் என்று வாங்குபவர் கேட்பார். மரம் நேற்று வைத்தது, பதிவேடு அதற்கு முந்தையது.

அட்டப்பாடி: யாருடைய மண்?

சமவெளியை விட்டு மலையேறினால் கேள்வி கனமாகிறது. அகளி, ஷோலையூர், புதூர் என்ற மூன்று பஞ்சாயத்துகள் கொண்ட அட்டப்பாடி இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் பூமி. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் அவர்கள்தான். இன்று பாதிக்கும் குறைவு. கிழக்கிலிருந்து தமிழர்களும் மேற்கிலிருந்து மலையாளிகளும் வந்து குடியேறினார்கள். வாய்வார்த்தைக்கும், புகையிலைக்கும், தீராத கடனுக்கும் கை மாறிய நிலங்களைப் பற்றி எந்த ஊரில் கேட்டாலும் கதை கிடைக்கும்.

இதைத் தடுக்க 1975-ல் கேரள சட்டசபை ஒரு சட்டம் போட்டது. பழங்குடியினரிடமிருந்து போன நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது அது. அதற்கான விதிகள் வரவே 1986 ஆயிற்று. விதிகள் வந்த பிறகும் நிலம் வரவில்லை. குடியேறிய விவசாயிகளின் ஓட்டு எந்தக் கட்சிக்கும் வேண்டியிருந்தது. கடைசியில் 1999-ல் வந்த புதிய சட்டம் ஒரு சமரசம். 1960 ஜனவரி 1-க்கும் 1986 ஜனவரி 24-க்கும் இடையே நடந்த கைமாற்றங்கள் செல்லாது. ஆனால் இரண்டு ஹெக்டேர் வரையுள்ள விவசாய மண்ணை வாங்கியவரே வைத்துக்கொள்ளலாம், பழங்குடிக் குடும்பத்துக்கு அரசு வேறு இடத்தில் நிலம் தரும். 2009 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

வாங்க வருபவர் கவனிக்க வேண்டியது அதற்குப் பிந்தைய பகுதி. 1986 ஜனவரி 24-க்குப் பிறகு உரிய அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பழங்குடியல்லாதவருக்கு விற்கப்பட்ட பழங்குடி நிலம் எந்தக் கணக்கிலும் சேராது. எத்தனை கை மாறியிருந்தாலும் சரி, எத்தனை முறை பதிவாகியிருந்தாலும் சரி, அடிப்பத்திரம் செல்லாதென்றால் மேலே அடுக்கிய எல்லாப் பத்திரமும் சரிந்துவிடும். வெளியார் குடியேறும் உரிமையைப் பழங்குடியினர் நலனுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அதே 19-வது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு சொல்கிறது. எனவே ‘நான் இந்தியக் குடிமகன்’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

இது பழைய கதை என்று தள்ள முடியாது. 2010-ல் அட்டப்பாடியில் எழுந்த காற்றாலைகள் பழங்குடியினர் நிலத்தில் நிற்கின்றன என்ற புகார் கேரள அரசியலைக் கலக்கியது. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடி, 2022-ல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றவர் அட்டப்பாடியின் நஞ்சியம்மா. அவர் கணவர் குடும்பத்து நிலமும் வழக்கில் சிக்கியது. நாடறிந்த பாடகிக்கே இந்த நிலை என்றால் பெயர் தெரியாதவர்களின் நிலை என்ன?

2013-ல் அட்டப்பாடியில் சத்துக்குறைவால் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தபோது நாடே அதிர்ந்தது. ராகியும் சாமையும் துவரையும் விளைந்த மண் கைவிட்டுப் போனதும், ரேஷன் அரிசியை நம்பி வாழ வேண்டி வந்ததும் அதன் காரணங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதை அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது. விதைக்க மண் இருக்கிறதா என்பதுதான் மிச்சம். வார இறுதி வீட்டுக்காக வேலி போடும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர் யார் என்று வாங்குகிறவர் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டத்துக்காக மட்டுமல்ல; நாளை பக்கத்து வீட்டுக்காரராக வாழப்போவது அவரோடுதான்.

இடுக்கி: பட்டயம் பலவிதம்

உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக ஏறினால் மறையூர், காந்தளூர். போடியிலிருந்து ஏறினால் போடிமெட்டு, பூப்பாறை. கம்பத்திலிருந்து ஏறினால் குமுளி, வண்டன்மேடு. இடுக்கி எல்லையின் வாசல்கள் இவை. மறையூர், காந்தளூர் அடங்கிய அஞ்சுநாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் விவசாயிகள் வாழ்கிறார்கள். மறையூர் வெல்லத்துக்கும் காந்தளூர்–வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. 2023-ல் மத்திய சுற்றுலாத் துறையின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் காந்தளூர் தங்க விருது பெற்றது. விருது வந்தால் பின்னாலேயே ரிசார்ட் வரும், ரிசார்ட்டுக்குப் பின்னாலேயே புரோக்கர் வருவார்.

இங்கே பழங்குடி நிலச் சிக்கலோடு இன்னொன்றும் சேருகிறது. இடுக்கியின் மண்ணில் பெரும்பகுதி ஒரு காலத்தில் காடு, அல்லது அரசு நிலம். அதைப் பயிரிட்டவர்களுக்கு அரசு ‘பட்டயம்’ கொடுத்தது. 1964 விதிகளின்படி கொடுத்தது ஒரு வகை. 1977 ஜனவரி 1-க்கு முன் காட்டில் குடியேறியவர்களுக்காக 1993 விதிகளின்படி கொடுத்தது இன்னொரு வகை. பயிரிடவும், குடியிருக்க வீடு கட்டவும் கொடுத்த நிலம் அது. அதில் மூன்று மாடி ரிசார்ட் எழுப்பினால் பட்டய நிபந்தனை மீறல்.

2007 மே மாதம் முதலமைச்சர் அச்சுதானந்தன் அனுப்பிய குழு மூணாறில் புல்டோசரோடு இறங்கியபோது நாடு முழுக்க அது தலைப்புச் செய்தி. சில வாரங்களில் அரசியல் எதிர்ப்பில் வேகம் அடங்கியது. பின்னர் சில உரிமையாளர்கள் ஹைகோர்ட்டில் ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் அந்த மே மாதத்துக்குப் பிறகு மூணாற்றில் கட்டடம் என்ற சொல்லே வழக்கோடு ஒட்டிக்கொண்டது. 2019 ஆகஸ்டில், பட்டயம் எதற்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே கட்டட அனுமதி என்று இடுக்கிக்கு உத்தரவு வந்தது. எதிர்ப்பு பலமாக எழ, விதிமீறல்களை நிபந்தனைகளோடு முறைப்படுத்த அரசுக்கு அதிகாரம் தரும் திருத்தச் சட்டத்தைச் சட்டசபை 2023-ல் நிறைவேற்றியது. கவர்னரின் ஒப்புதல் 2024 ஏப்ரலில்தான் கிடைத்தது.

பட்டயமே பொய்த்துப்போன கதையும் உண்டு. 1999-ல் தேவிகுளம் தாலுகாவில் ஒரு துணைத் தாசில்தார் 530 பட்டயங்களில் கையெழுத்திட்டார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பிறகு தெரிந்தது. ‘ரவீந்திரன் பட்டயம்’ என்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் அவற்றை ரத்து செய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அந்தக் காகிதத்தை நம்பி விற்றவர்களும் வாங்கியவர்களும் உண்டு. முத்திரை அசல், கையெழுத்து அசல், உரிமை மட்டும் இல்லை.

வட்டவடைக்கு அப்பால் கொட்டாக்கம்பூரில் இன்னொரு வகை. 2006-ல் குறிஞ்சி பூத்தபோது அங்கே குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 32 சதுர கிலோமீட்டர். அதற்குள் பட்டயம் வைத்திருப்பதாகச் சொன்னவர்களில் நிஜ விவசாயிகளும் இருந்தார்கள், மலையடிவாரத்தையே பார்க்காத வெளியூர்ப் பெயர்களும் இருந்தன. எது எது என்று பிரிக்க ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குறிஞ்சி 2018-ல் மறுபடியும் பூத்து முடிந்தது. அடுத்த பூப்பு 2030-ல்.

ஏலமலை கதை தனி. திருவிதாங்கூர் காலத்து 1897 அறிவிப்பில் தொடங்குகிறது அந்தச் சிக்கல். ஏலக்காய் மலைக் காப்புக்காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா? ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இன்றும் வாதாடுகிறார்கள். 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவில், அந்தப் பகுதியில் புதிய பட்டயம் தரக் கூடாது என்று தடுத்தது. போடிக்காரர்களின் எஸ்டேட்டுகள் பல இங்கேதான். அதில் பல குத்தகை நிலங்கள். ஏலம் பயிரிடத் தந்த இடத்தில் ஏலமே இருக்க வேண்டும்.

ஏலத்தின் கதியும் சொல்லும்படி இல்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து எஸ்டேட் வாங்கியவர்கள் 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். 2024 கோடையில் வறட்சி வந்து செடியே கருகியது.

வாழ்ந்து பார்த்தால்

பத்திரம் சுத்தமாகவே இருக்கட்டும். வாழ்வது வேறு பரீட்சை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்தபோது குமுளியில் எல்லை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டையோடு தேனிக்கு இறங்கினார்கள். அந்தப் பக்கம் மண் வைத்திருந்த கம்பம், போடிக்காரர்கள் காய் பறிக்கும் பருவத்தில் இந்தப் பக்கம் நின்றார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது மறுபடி அதே நிலை. சாதாரண நாளில் கண்ணுக்குத் தெரியாத கோடு, கலவர நாளில் சுவராகிவிடும்.

யானைக்கு அந்தக் கோடு தெரியாது. சின்னக்கானலில் அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை பிடித்துப் பெரியார் காட்டில் விட்டது. மே மாதக் கடைசியில் அது கம்பம் தெருவில் நடந்துகொண்டிருந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு பக்கம் கொண்டுபோய் விட்டது. யானைப் பாதையில் நிலமற்ற ஆதிவாசிகளுக்கு அரசே அமைத்த 301 காலனியில், யானைக்குப் பயந்து வீட்டைப் போட்டுவிட்டுப் போனவர்கள் பலர். அரசு கொடுத்த இடமே அப்படியென்றால், புரோக்கர் காட்டும் ‘அமைதியான இடம்’ ஏன் அமைதியாக இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

மலையும் பழையபடி இல்லை. 2020 ஆகஸ்டில் ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். நூறாண்டுகளாக அந்த மலையில் உழைத்த வம்சம் படுத்துறங்கியது கம்பெனி லயத்தில். அவர்கள் பெயரில் ஒரு சென்ட் மண் இல்லை. எல்லை மலைகளில் மண் வாங்கும் கதையில் அவர்கள் வருவதே இல்லை.

அப்படியும் நல்லபடியாக வாழ்பவர்கள் இல்லாமல் இல்லை. சித்தூரில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. 1969-ல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. ஆனால் பத்திரம் மலையாளத்தில்தான் வரும். நிலைத்து வாழ்பவர்களைப் பார்த்தால் ஒன்று பொதுவாகத் தெரிகிறது. அவர்கள் வாங்குவதற்கு முன் ஓராண்டாவது வாடகைக்கு இருந்தவர்கள், வில்லேஜ் ஆபீஸ் படியேறத் தயங்காதவர்கள்.

நான்கு தேதிகள்

விலை பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பத்திரத்தின் முன்னாதாரத்தைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போக வேண்டும். வழியில் நான்கு தேதிகள் நிற்கும். 1970 ஜனவரி 1: உச்சவரம்புக்கு விலக்குப் பெற்ற தோட்டத்திலிருந்து துண்டாக்கிய மண்ணா? 1977 ஜனவரி 1: காட்டு நிலமென்றால் அதற்கு முன் குடியேறியவரா? 1986 ஜனவரி 24: எந்தக் கையிலாவது பழங்குடிப் பெயர் இருக்கிறதா? 2008 ஆகஸ்ட் 12: பதிவேட்டில் ‘நிலம்’ என்று இருக்கிறதா, ‘புரயிடம்’ என்று இருக்கிறதா?

அடுத்து வில்லேஜ் ஆபீஸ். விற்பவர் பெயரில் தண்டப்பேர் கணக்கு இருக்க வேண்டும், நடப்பு ஆண்டுக்கான கரம் கட்டிய ரசீது இருக்க வேண்டும், கைவசச் சான்றும் லொகேஷன் ஸ்கெட்சும் கேட்டு வாங்க வேண்டும். பட்டய மண் என்றால் பட்டயத்தின் அசலைப் பார்த்து, எந்த விதிப்படி, எதற்காக, எத்தனை ஆண்டு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று படிக்க வேண்டும். அட்டப்பாடி என்றால் நிலமீட்பு வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று ஒற்றப்பாலம் சப் கலெக்டர் ஆபீசில் விசாரிக்க வேண்டும். பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 4 லட்சம் அதற்கே போய்விடும். பத்திரம் முடிந்ததும் ‘போக்குவரவு’ செய்து தன் பெயரில் கரம் கட்டும்வரை வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது.

இந்த வேலைகளுக்கு உள்ளூர் வக்கீலுக்குத் தரும் ஃபீஸ் புரோக்கர் கமிஷனை விடக் குறைவு. பெரும்பாலானவர்கள் புரோக்கருக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

சாயங்காலம் ஆனைகட்டியில் கார்கள் திரும்பி இறங்குகின்றன. சில கார்களில் அட்வான்ஸ் கொடுத்த ரசீது இருக்கும். கொடுங்கரைப்பள்ளத்து ஓரமாகத் தலையில் விறகோடு இருளர் பெண்கள் ஊர் திரும்புகிறார்கள். ரசீதில் இருக்கும் சர்வே நம்பர் அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கரடில் யார் பாட்டன் ராகி விதைத்தான் என்பது தெரியும். பிளாஸ்டிக் கவரில் வராத முன்னாதாரம் அது. வாங்க வருகிறவர் அவர்களிடம் தமிழிலேயே கேட்கலாம், அவர்களுக்குப் புரியும்.